மறைந்து நின்ற உருபு

கதை எழுதுகிறவர்களுக்குப் பெயர் வைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. என் கதாநாயகனுக்கு ராகவன் என்று பெயர் வைத்தால், 'அந்தப் பெயரை நான் பத்து வருஷத்துக்கு முன்பே என் கதையில் வைத்துவிட்டேன். நீர் எப்படி எடுக்கலாம்?' என்று வேறொரு எழுத்தாளர் சண்டைக்கு வரமாட்டார். உலகத்தில் எத்தனையோ ராகவன்கள்! ஆனால் கடைவீதியில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே பெயர் என்பது சொத்து. அந்தச் சொத்துக்குப் பட்டா உண்டு, வேலி உண்டு, வேலியைத் தாண்டினால் வழக்கும் உண்டு.

ஒருவர் பெரிய பொருள் ஒன்றைச் செய்து அதற்குப் பெயரும் புகழும் தேடி வைத்திருக்கிறார். அதோடு ஒட்டி வேலை செய்கிற சின்னப் பொருள் ஒன்றை வேறொருவர் செய்கிறார். அந்தச் சின்னப் பொருளுக்கு என்ன பெயர் வைப்பது? பெரியவர் பெயரைச் சொல்லாவிட்டால், இது எதற்குப் பயன்படுவது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. சொன்னாலோ, 'என் பெயரை எப்படி எடுத்தாய்?' என்று பெரியவர் கேட்கிறார். கம்ப்யூட்டர் யுகத்தில் நாள்தோறும் எழுகிற கேள்வி இது. ஆனால் கேள்வி பழையது. இதற்கு உலகம் கண்ட விடை நம் பள்ளிக்கூட இலக்கணப் புத்தகத்திலேயே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். அதை முடிவில் சொல்கிறேன்.

*

இங்கிலாந்தில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1875-இல் வந்தது. 1876 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதிவு தொடங்கியது. முதல் எண்ணைப் பெற்றது, பர்ட்டன் என்ற ஊரில் பீர் வடித்து விற்ற பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். இதற்காக அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவர் முந்தின இரவே பதிவு அலுவலக வாசலில் போய்க் காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ, பொய்யோ, முதல் எண் என்னவோ அவர்களுக்குத்தான் கிடைத்தது.

அந்த முக்கோணத்தின் கியாதியை அறிய வேண்டுமானால், பிரெஞ்சு ஓவியர் மானே 1882-இல் முடித்த ஒரு சித்திரத்தைப் பார்க்க வேண்டும். பாரிஸ் நகரத்துக் கேளிக்கை மண்டபம் ஒன்றில் மதுக் கடைப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவள் முன்னால் இருக்கும் சலவைக்கல் மேஜையில் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் மேல் சிவப்பு முக்கோணம். அது எந்த ஊர்ச் சரக்கு என்று எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை. எழுத்துத் தெரியாதவனும் கண்ட மாத்திரத்தில் தெரிந்துகொள்வான்.

வியாபாரக் குறியின் தர்மம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. 'சென்ற தடவை நீ எதை விரும்பி வாங்கினாயோ, அதைச் செய்தவர்களேதான் இதையும் செய்தார்கள்' என்று வாங்குகிறவனுக்குக் கொடுக்கிற வாக்கு அது. ஆகையால் குறியைத் திருடுகிறவன் முதலாளியை மாத்திரம் ஏமாற்றுவதில்லை. நம்பிப் பணம் கொடுத்தவனையும் ஏமாற்றுகிறான்.

*

இது வரையில் சிக்கல் இல்லை. அசலான சரக்கை வாங்கி, அதில் தன் கைவேலையைச் சேர்த்து விற்கிறவன் வரும்போதுதான் சிக்கல் வருகிறது.

அமெரிக்காவில் பிரெஸ்டனெட்ஸ் என்ற கம்பெனி அப்படித்தான் வந்தது. பிரான்ஸ் தேசத்து வாசனைத் திரவிய வியாபாரி கோட்டி என்பவரின் முகப் பவுடர் அப்போது வெகு பிரசித்தம். பிரெஸ்டனெட்ஸ் கம்பெனியார் அந்தப் பவுடரைக் கடையில் நியாயமாக விலை கொடுத்து வாங்கினார்கள். தங்களுடைய பசை ஒன்றைச் சேர்த்துக் கட்டியாக அழுத்தி, கைப்பையில் வைத்துக்கொள்ளும்படியான சிறிய உலோகப் பெட்டிகளில் விற்றார்கள். வாசனைத் தைலத்தையும் பெரிய புட்டியிலிருந்து சின்னப் புட்டிகளுக்கு மாற்றி விற்றார்கள். கோட்டி வழக்குத் தொடுத்தார். தம் சரக்கு மென்மையானது, கண்டவர் கை பட்டால் கெட்டுப்போகும், கெட்டால் பழி தம் பெயருக்கு வரும் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா?

கீழ்க் கோர்ட்டு ஒரு சமரச வழி சொன்னது. 'இந்தக் கம்பெனிக்கும் கோட்டிக்கும் சம்பந்தம் இல்லை. கோட்டியின் பவுடரை வாங்கி நாங்களே தனியாக இதைச் செய்தோம்' என்று சீட்டில் அச்சிட வேண்டும். எல்லா எழுத்துக்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். கோட்டி என்ற சொல் மட்டும் பூதாகாரமாகத் தெரியக் கூடாது. நடுக் கோர்ட்டு இதை ஒப்புக்கொள்ளவில்லை. கோட்டியின் பெயரையே தொடக் கூடாது என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1924-இல் தீர்ப்பு எழுதினவர் நீதிபதி ஹோம்ஸ். அப்போது அவருக்கு வயது 83. அவருடைய தகப்பனார் பெயர் பெற்ற எழுத்தாளர். மகனுக்கும் சொல்லின் எடை நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரை ஏமாற்றாமல் உண்மையைச் சொல்வதற்காக ஒருவன் ஒரு பெயரை உச்சரித்தால், அதைத் தடுக்கும்படியான புனிதம் எதுவும் அந்தப் பெயருக்கு இல்லை என்று அவர் முடிவு கட்டினார். கீழ்க் கோர்ட்டின் வழிதான் கடைசியில் ஜயித்தது.

அதற்குப் பிறகு இதே ரகமான வழக்குகள் வந்தன. பழைய சாம்பியன் ஸ்பார்க் பிளக்குகளைச் சீர் செய்து விற்றவர்கள் சாம்பியன் என்ற பெயரை அழிக்க வேண்டுமா? வேண்டாம், ஆனால் பழுது பார்த்தது என்றோ, உபயோகித்தது என்றோ அதன் மேல் தெளிவாகப் பொறிக்க வேண்டும் என்று 1947-இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊரில் ஒரு மெக்கானிக், வோக்ஸ்வாகன் கார்களைப் பழுது பார்ப்பதாகப் பலகை மாட்டியிருந்தார். ஜெர்மன் கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. 1969-இல் மெக்கானிக் ஜயித்தார். ஏன் தெரியுமா? தாம் சுதந்திரமாகத் தொழில் செய்கிறவர் என்பதை அவர் பளிச்சென்று எழுதியிருந்தார். கம்பெனியின் எழுத்து வடிவத்தையோ, நிறங்களையோ, வட்டத்துக்குள் இருக்கும் அந்த முத்திரையையோ அவர் தொடவில்லை. வோக்ஸ்வாகன் என்ற பெயரைச் சொல்லாமல் வோக்ஸ்வாகன் பழுது பார்ப்பதாக அவர் எப்படித்தான் தெரிவிப்பார், பாவம்!

*

பவுடரும் காரும் தாண்டி இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். இன்டர்நெட்டைப் பார்க்க உதவும் நிரலுக்கு பிரௌஸர் என்று பெயர். அதில் விளம்பரங்களை மறைக்க ஒன்று, சொற்பிழை திருத்த ஒன்று என்று சின்னச் சின்ன நிரல்களை யாரும் எழுதி ஒட்டலாம். அவற்றுக்குத் துணைநிரல் என்று பெயர். ஆட்-ஆன் என்றும் சொல்வார்கள். பழைய மெக்கானிக்கின் இடத்தில் இன்று துணைநிரல் எழுதுகிறவர் நிற்கிறார்.

துணைநிரல்களுக்குப் பெரிய சந்தையாக அமைந்த பிரௌஸர்களில் ஒன்று பயர்பாக்ஸ். அது தன் பெயரை அடைந்த வரலாறே ஒரு தனிக் கதை. மொஸில்லா என்ற திறந்த நிரல் கூட்டத்தார் 2002 செப்டம்பரில் அதை முதன்முதலாக வெளியிட்டபோது அதன் பெயர் பீனிக்ஸ். சாம்பலிலிருந்து எழுந்து பறக்குமே, அந்தப் பறவை. அழகான பெயர், ஆனால் பீனிக்ஸ் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி முன்பே இருந்தது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற நிரலைச் செய்கிற கம்பெனி; அவர்களிடமும் ஒரு பிரௌஸர் இருந்தது. அவர்கள் ஆட்சேபித்தார்கள். 2003 ஏப்ரலில் பெயர் பயர்பேர்ட் ஆயிற்று. நெருப்பை விடாமல், பறவையையும் விடாமல் பிடித்த பெயர்! ஆனால் அதே பெயரில் ஒரு தகவல் தள நிரல் இருந்தது. அதை வளர்த்தவர்களும் பணம் வாங்காமல் உழைத்த கூட்டத்தார்தாம். கோர்ட்டுக்குப் போக அவர்களிடம் வசதி இல்லாமல் இருக்கலாம், குரல் இருந்தது. உரக்க ஆட்சேபித்தார்கள். 2004 பிப்ரவரியில் மொஸில்லாக்காரர்கள் பறவையை அடியோடு விட்டுவிட்டு ஒரு மிருகத்தைப் பிடித்தார்கள். பயர்பாக்ஸ் என்பது நம் இமயமலைச் சாரலில், சிக்கிம் பக்கத்துக் காடுகளில் வாழும் சிவப்புப் பாண்டாவுக்கு ஒரு பெயர்.

இரண்டு தடவை பிறருக்காகப் பெயரை விட்டுக் கொடுத்தவர்கள் மூன்றாவது பெயரை எப்படிக் காப்பார்கள்? இரும்புப் பெட்டியில் வைத்துத்தான் காத்தார்கள். டெபியன் என்ற தன்னார்வக் கூட்டம் தன் கம்ப்யூட்டர் தொகுப்போடு பயர்பாக்ஸையும் சேர்த்து இலவசமாகக் கொடுத்து வந்தது. கொடுக்கும்போது அதில் தன் திருத்தங்களையும் செய்தது. அப்படித் திருத்துவதற்கு நிரலின் உரிமப் பத்திரம் இடம் கொடுத்தது. ஆனால் 2006-இல் மொஸில்லாக்காரர்கள் சொன்னார்கள்: 'எங்கள் பெயரை வைத்தால் எங்கள் சின்னத்தையும் வைக்க வேண்டும், திருத்தங்களுக்கும் எங்கள் சம்மதம் வேண்டும். இல்லையேல் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.' அந்தச் சின்னத்தின் உரிமை நிபந்தனைகள் டெபியனின் சுதந்திரக் கொள்கைக்கு ஒத்துவரவில்லை. ஆகவே அவர்கள் ஐஸ்வீஸல் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். நெருப்புக்குப் பதில் பனிக்கட்டி. நரிக்குப் பதில் மரநாய்! கோபத்தையும் ஹாஸ்யமாக்கத் தெரிந்தவர்கள். பத்து வருஷம் கழித்து 2016-இல் இரு தரப்பும் சமாதானமாகி, பழைய பெயர் திரும்பி வந்தது.

டெபியன் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. ஆனால் மொஸில்லாவின் பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று விட்டுவிட்ட பிறகு, அவர்கள் கையில் மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். களவு நிரலைச் செருகி அதே பெயரில் ஒருவன் வெளியிட்டால், சாதாரண ஜனங்கள் எதைக் கொண்டு அடையாளம் காண்பார்கள்?

இன்னொரு கதை. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனியின் எய்ம் என்ற அரட்டைச் சேவை ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்தது. அதோடு சேர்ந்து இயங்க 1998 வாக்கில் ஒரு மாணவர் நிரல் எழுதினார். அதன் பெயர் கெய்ம் என்று ஆயிற்று. முன்னால் ஓர் எழுத்து. பின்னால் எய்ம் அப்படியே ஒளிந்திருந்தது. வருஷக்கணக்காக வக்கீல் கடிதங்கள் போய் வந்தன. 2007 ஏப்ரலில் அந்தக் கூட்டத்தார் பிட்ஜின் என்று மாற்றிக்கொண்டார்கள். துறைமுகங்களில் பல தேசத்து வியாபாரிகள் கலந்து பேசுகிற கலப்பு மொழிக்கு அந்தப் பெயர். பல அரட்டைச் சேவைகளை ஒன்றாக இணைக்கிற நிரலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? 2017 டிசம்பரில் எய்ம் சேவை மூடப்பட்டது. பிட்ஜின் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தது. பிறர் பெயரின் நிழலில் நின்றிருந்தால், நிழல் தந்த மரம் சாய்ந்தபோது இதுவும் சேர்ந்து சாய்ந்திருக்குமல்லவா?

*

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் துணைநிரல் எழுதுகிறவர். ஒரு நாள் என்னிடம் வந்து முறையிட்டார். தம் நிரலின் பெயரில் பெரிய கம்பெனியின் பெயரை முதல் வார்த்தையாக வைத்திருந்தாராம். கம்பெனி அதைச் சந்தையிலிருந்து நீக்கிவிட்டதாம்.

"அவர்களுக்காகத்தானே ஸார் நான் இதை எழுதினேன்? அவர்கள் பெயரைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றார்.

"சொல்ல உரிமை உண்டு, தம்பி. வைத்துக்கொள்ளத்தான் உரிமை இல்லை" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அப்போதுதான் நான் வாக்களித்த இலக்கணத்துக்கு வந்தேன்.

'தலைவலி மாத்திரை' என்கிறோம். இதில் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது. தலைவலிக்குக் கொடுக்கும் மாத்திரை என்று நான்காம் வேற்றுமையாக நாம் விரித்துக்கொள்கிறோம். தலைவலியைக் கொடுக்கும் மாத்திரை என்று யாரும் விரிப்பதில்லை. (அப்படிப்பட்ட மாத்திரைகளும் உண்டு என்பது வேறு விஷயம்.) ஆனால் 'ராஜா சட்டை' என்று ஒரு தையற்காரர் பலகை எழுதினால்? ராஜாவுக்குத் தைத்த சட்டையா, ராஜாவினுடைய சட்டையா? நான்காம் வேற்றுமையா, ஆறாம் வேற்றுமையா? உருபு மறைந்து நிற்பதால் இரண்டும் பொருந்துகின்றன. அந்த மயக்கத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. அந்த மயக்கத்தில்தான் வழக்கும் பிறக்கிறது.

கம்பெனிகள் வகுத்திருக்கும் விதி இந்த மயக்கத்தைப் போக்குகிற விதிதான். ஆண்ட்ராய்ட் என்ற போன் நிரலை வைத்திருக்கும் கூகுள் கம்பெனியின் பெயர் விதிகளில் ஒரு உதாரணம் உண்டு. 'ஆண்ட்ராய்ட் மீடியா பிளேயர்' என்று பெயர் வைப்பது தவறு. 'ஆண்ட்ராய்டுக்கான மீடியா பிளேயர்' என்று வைப்பது சரி. மொஸில்லாவின் விதியும் இதுவே: பயர்பாக்ஸ் என்ற சொல் முன்னால் வந்து உரிமை கொண்டாடக் கூடாது, 'பயர்பாக்ஸுக்கான' என்று வரலாம். வேர்ட்பிரஸ் என்ற நிரலுக்குத் துணைநிரல் எழுதுகிறவர்களும், பிறர் வியாபாரப் பெயரைத் தங்கள் நிரலின் முகவரிப் பெயரில் முதல் சொல்லாக வைக்கக் கூடாது.

ஆங்கிலேயர் இதற்கு ஒரு தனி வார்த்தையைத் தேடி நடுவில் போட வேண்டியிருக்கிறது. நமக்கோ ஒரே எழுத்துப் போதும்: 'கு'. மறைந்து நின்ற உருபை வெளியே கொண்டுவந்துவிட்டால் பொய் போய்விடுகிறது. 'இது அவருடையது அல்ல; அவருடையதற்கு நான் செய்தது' என்ற உண்மை நிலைக்கிறது. ஹோம்ஸ் கேட்டது அதைத்தான். லாங் பீச் மெக்கானிக் பலகையில் எழுதியதும் அதைத்தான். நம் நாட்டில் 1999-இல் இயற்றி 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த வியாபாரக் குறிச் சட்டம்கூட, 30-ஆம் பிரிவில் இதற்கு இடம் தந்திருக்கிறது. ஒரு பொருள் வேறொரு பொருளுக்கு உறுப்பாகவோ துணைக்கருவியாகவோ அமைந்தது என்று தெரிவிக்க நியாயமாக எவ்வளவு தேவையோ அவ்வளவுக்குப் பிறர் குறியைச் சொல்லலாம்.

*

பெரிய கம்பெனிகள் எல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ஆஸ்பிரின் என்ற பெயரை பேயர் கம்பெனி 1921-இல் அமெரிக்கக் கோர்ட்டில் பெரும்பாலும் இழந்தது. ஜனங்கள் வாயில் அது மருந்தின் பெயராகவே ஆகிவிட்டதுதான் காரணம். எஸ்கலேட்டர் என்ற பெயரை ஓட்டிஸ் கம்பெனி 1950-இல் அதே போல இழந்தது. நம் ஊரில் எந்தக் கம்பெனி யந்திரத்தில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் எடுத்தேன் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கம்பெனிக்கு அது புகழ்ச்சியாக இருக்குமா, வயிற்றெரிச்சலாக இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பயம் அளவு மீறினால் பேராசையாகிவிடுகிறது. இன்ஸ்டாகிராம் கம்பெனி 2013-இல் 'இன்ஸ்டா' என்ற முன்பாதியும் கூடாது, 'கிராம்' என்ற பின்பாதியும் கூடாது என்று துணைச் செயலிகள் எழுதினவர்களுக்கு விதி போட்டது. தந்திக்கும் கிராமபோனுக்கும் ஆங்கிலத்தில் எப்போதோ வாலாகவும் தலையாகவும் ஒட்டிய சொல் அது! மைக்ரோஸாப்ட் கம்பெனி 2001 டிசம்பரில் லிண்டோஸ் என்ற போட்டி நிரலின் மேல், விண்டோஸ் என்ற தன் பெயரோடு மயங்குகிறது என்று வழக்குப் போட்டது. விண்டோஸ் என்றால் ஜன்னல்கள். கம்ப்யூட்டர்காரர்கள் முன்பே பொதுவாக வழங்கிய சொல்தானே என்று எதிர்த் தரப்பு கேட்டது. நீதிபதிக்கும் அந்தக் கேள்வி உதாசீனம் செய்யக் கூடியதாகத் தோன்றவில்லை. 2004-இல் மைக்ரோஸாப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. லிண்டோஸ் தன் பெயரை லின்ஸ்பயர் என்று மாற்றிக்கொண்டது. ஊர்ப் பொது நிலத்தில் வேலி போடுகிறவருக்கு அந்த வேலி மலிவாகக் கிடைப்பதில்லை.

ஆகவே இரு தரப்புக்கும் ஒரே எல்லைதான். உண்மையைச் சொல்லத் தேவையான அளவுக்குப் பிறர் பெயரைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பெரியவர் அதைத் தடுக்கலாகாது. அந்த அளவுக்கு மேல் ஓர் எழுத்துக் கூட எடுக்க எவருக்கும் உரிமை இல்லை. சின்னவர் அதைக் கேட்கலாகாது. சின்னவர் என்பதற்காக வாங்குகிறவனை மயக்க அனுமதி தர முடியுமா?

என்னிடம் வந்த இளைஞர் தம் நிரலுக்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்தார். நல்ல தமிழ்ச் சொல். நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவரே தேடிக்கொண்டது. கம்பெனியின் பெயர் அதன் பின்னால் 'கு' உருபோடு அடக்கமாக நிற்கிறது. இப்போது அந்த நிரலைப் புகழ்கிறவர்கள் அவர் வைத்த பெயரைச் சொல்லியே புகழ்கிறார்கள். ஏதாவது பிழை இருந்தால் திட்டுகிறவர்களும் அந்தப் பெயரைச் சொல்லியே திட்டுகிறார்கள். சொந்தப் பெயர் வைத்துக்கொள்வதில் இரண்டும் சேர்ந்துதான் கிடைக்கும்.